போர்க்களத்துக்கு நடுவுல வீடு இருந்த குடும்பங்க கதி என்ன ஆச்சு? (அமெரிக்க உள்நாட்டுப் போர்)

ஃபிரெடரிக்_கார்த்தி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்க இருக்கறது மேரிலாந்துல ஃபிரெடரிக் பக்கம். ஊர்ல இருந்து வந்திருக்க அப்பா அம்மாவ ஆன்டீட்டம் போர்க்களம் காட்ட கூட்டிட்டுப் போனேன், கார்ல முக்கா மணி நேரம் தான். ரேஞ்சர் நல்லாதான் பேசுனார், எந்த ரெஜிமென்ட் எந்தப் பக்கமா வந்துது, ஜெனரல் ஜாக்சன் எங்க நின்னார், பீரங்கி எந்த மேட்டுல இருந்துதுன்னு போய்க்கிட்டே இருந்துது. அப்பா காலம் பூரா வெவசாயம் பாத்தவர், அவருக்கு இதெல்லாம் காதுலயே ஏறல. "இந்த மக்காச்சோளக் கொல்லை யாரோடது, கருது முத்தியிருந்துதா, அந்த வருசம் அவன் குடும்பம் என்னத்த தின்னுச்சு" இதையே தான் கேட்டுட்டு இருந்தார். போர்ட பாத்து மில்லர்னு ஒருத்தரோடதாம்னு சொன்னேன், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல.

1862 செப்டம்பர் 17, ஒரே நாள், வடக்கு (யூனியன்), தெற்கு (கான்ஃபெடரேட்) ரெண்டு தரப்புலயும் செத்தவங்க காயம்பட்டவங்க காணாமப் போனவங்க எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 23,000 பேர். ஆனா அந்த இடம் மொத்தமும் யாரோ ஒரு சம்சாரியோட வீடும் களஞ்சியமும் வயலும் தானே. அவங்கெல்லாம் எங்க போனாங்க? திரும்பி வந்தாங்களா? கவர்மென்ட் நஷ்டஈடு எதாவது குடுத்துதா? ஆன்டீட்டம்தான்னு இல்ல, கெட்டிஸ்பர்க், மனாசஸ் எதுவா இருந்தாலும் சரி, தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜெனரல் கதை மட்டும் வேணாம், அது நெட்ல கொட்டிக் கிடக்கு.


பழைய_ஏடு எழுதியது:

உங்க அப்பா கேட்டது தான் சரியான கேள்வி கார்த்தி. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்னு அறுவடைக்கு காத்திருந்த நேரம் அது. காலைல ஆரம்பிச்ச சண்டைல கத்தி வச்சு அறுத்த மாதிரி ஒரு தட்டை மிச்சமில்லாம போச்சுன்னு ஜெனரல் ஹூக்கரே ரிப்போர்ட்ல எழுதிருக்கார் (ஜெனரல் வேணாம்னீங்க, இது பயிர் சம்பந்தம்ங்கறதால மன்னிச்சிருங்க).

போர்க்களத்த ஒட்டி இருக்க ஷார்ப்ஸ்பர்க் அப்ப ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊரு. தெற்குத் தளபதி லீயோட படை 15ஆம் தேதியே வந்து மேட்டுல நிக்க ஆரம்பிச்சதால சண்டை வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. பாதி ஜனம் சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருச்சு, கொஞ்சம் பேர் பொட்டோமேக் ஆத்தோரம் கில்லியன்ஸ்பர்க் குகைல போய் ஒடுங்குனாங்க, ஊருக்குள்ள கிரெட்சர்னு ஒருத்தர் வீட்டு நிலவறைல ஒரு பெரிய கூட்டமே அடைஞ்சு கிடந்துது, அந்த நிலவறைக்குள்ளயே ஊத்து ஒண்ணு இருந்ததால தண்ணி பிரச்சனை இல்ல.

நீங்க வெள்ளையா ஒரு குட்டி சர்ச் பாத்திருப்பீங்க, டங்கர் சர்ச். டங்கர்கள்னா ஜெர்மன் வழில வந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு, ஆயுதமே தொடக்கூடாது, பட்டாளத்துல சேரக்கூடாதுங்கறது அவங்க கொள்கை. அந்த சர்ச்சுக்கு நெலம் குடுத்தவர் சாமுவேல் மம்மா, பக்கத்துலயே பெரிய பண்ணை, வீடு நிறைய பிள்ளைங்க. சண்டைக்கு முன்னாடியே குடும்பத்தோட கிளம்பிட்டார். 17ஆம் தேதி காலைல கான்ஃபெடரேட் ஆளுங்க வந்து வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் வேணும்னே தீ வச்சாங்க, காரணம் என்னன்னா வடக்குப் படைக்காரன் உள்ள பூந்து ஜன்னல் வழியா குறி வச்சு சுட்டுருவான்னு. துப்பாக்கியே பிடிக்க மாட்டேன்னு இருந்த மனுஷன் வீடு, அது எவன் துப்பாக்கிக்கோ மறைவாயிரும்னு எரிஞ்சுது. வீடு, உள்ள இருந்த சாமான், களஞ்சியம், தானியம் எல்லாம் போச்சு. அந்தக் குளிர்காலத்த ஷெரிக் பண்ணைல ஒண்டிக் கழிச்சிட்டு அடுத்த வருஷம் அதே இடத்துல வீடு கட்டுனாங்க. இன்னிக்கு நீங்க பாக்கறது அந்த வீடு தான்.

இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. 1906ல வட கரோலினால இருந்து ஷார்ப்ஸ்பர்க் போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் வருது. அன்னிக்கு தீ வச்ச ஆளுங்கள்ல ஒருத்தன், பேரு ஜேம்ஸ் கிளார்க், 3ஆவது வட கரோலினா ரெஜிமென்ட். அந்த வீட்டுக்காரங்க யாரு, இன்னும் இருக்காங்களா, மேலதிகாரி சொல்லித் தான் செஞ்சோம்னு எழுதிருந்தான். அந்த போஸ்ட்மாஸ்டர் யாருன்னா அதே மம்மாவோட மகன், அவர் பேரும் சாமுவேல். உத்தரவு வந்துது செஞ்சீங்க, எங்களுக்கு மனக்கசப்பு இல்லைங்கற மாதிரி பதில் எழுதிட்டார். எனக்கா இருந்தா அவ்ளோ சுளுவா வந்திருக்காது.

அடுத்த பண்ணை ரூலெட்டோடது. வில்லியம் ரூலெட் நிலவறைல இருந்தவர், வடக்குப் படை தன் வீட்டத் தாண்டி முன்னேறுறத பாத்ததும் வெளிய ஓடிவந்து விரட்டுங்க விரட்டுங்கன்னு கத்துனாராம். அதே நேரம் குண்டு பட்டு அவரோட தேனீப்பெட்டியெல்லாம் உருண்டு, பென்சில்வேனியாவோட புது ரெஜிமென்ட் ஒண்ணு எதிரி சுட்டத விட தேனீ கொட்டுனதுல தான் அதிகம் சிதறுச்சு. கேக்க சிரிப்பா இருக்கும். அப்புறம் நடந்தது சிரிப்பில்ல. வீடு ஆஸ்பத்திரியாச்சு, வீட்டுத் தரைல இருந்த கம்பளம் வரைக்கும் போச்சு, அவர் நெலத்துல மட்டும் 700 பிணம் வரைக்கும் பொதச்சாங்க. அக்டோபர்ல அவரோட கடைக்குட்டி, ரெண்டு வயசு கூட ஆகல, டைஃபாய்ட்ல போயிருச்சு. படை போனாலும் காயம்பட்டவன் போகல, காச்சல் போகல, கிணத்துத் தண்ணி கெட்டது கெட்டது தான். குண்டு பட்டு செத்த ஊர்க்காரங்கள விட நோய்ல செத்தவங்க தான் அங்க அதிகம்.


சுள்ளான்_92 எழுதியது:

ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சும் ஏன் பாஸ் நிலவறைல போய் ஒளியணும், வண்டி கட்டி கிளம்ப வேண்டியது தானே


பழைய_ஏடு எழுதியது:

எங்க கிளம்புறது தம்பி? சண்டை எந்த வயல்ல நடக்கும்னு ஜெனரலுக்கே காலைல தான் தெரியுது. பால்மாடு, பன்னி, கோழி, களஞ்சியத்துல வருஷத்துக்குண்டான கோதுமை, எல்லாத்தையும் விட்டுட்டுப் போனா திரும்ப வரும்போது பட்டாளம் தின்னுட்டுப் போயிருக்கும். குதிரைய வச்சிருந்தா பிடுங்கிருவான்னு குதிரைய மட்டும் முன்னாடியே அனுப்பிட்டு, அப்புறம் தாங்க போறதுக்கு குதிரை இல்லாம நின்னவங்களும் உண்டு.

முடியாதவங்களும் இருக்காங்க இல்ல. மனாசஸ்ல 1861 ஜூலை 21, போரோட முதல் பெரிய சண்டை. ஜூடித் ஹென்றின்னு எண்பத்தஞ்சு வயசு பக்கம் ஒரு பாட்டி, படுத்த படுக்கை. பிள்ளைங்க மெத்தையோட தூக்கி ஊத்துக்கிட்ட இருந்த சின்னக் கட்டடத்துக்கு கொண்டு போனாங்க, அங்கயும் குண்டு விழுது, பாட்டியும் வீட்டுக்கே கொண்டு போங்கடான்னு பிடிவாதம், திரும்ப வீட்டுக்கே தூக்கிட்டு வந்தாங்க. கான்ஃபெடரேட் ஆளுங்க அந்த வீட்டு மறைவுல இருந்து சுடவும் வடக்கோட பீரங்கிய அந்த வீட்டப் பாத்தே திருப்பிட்டாங்க. பாட்டி கட்டில்லயே அடிபட்டு அன்னிக்கே செத்துட்டாங்க. மக அடுப்பு புகைபோக்கிக்குள்ள பூந்து தப்பிச்சா, ஆனா காது போயிருச்சு. வேலைக்கு இருந்த அடிமைப் பொண்ணு ஒண்ணு காலடில காயத்தோட தப்பிச்சுது. கல்லறை அந்த வீட்டு முத்தத்துலயே இருக்கு.


ஹாரிஸ்பர்க்_மீனா எழுதியது:

நான் பென்சில்வேனியால இருக்கறதால கெட்டிஸ்பர்க் பத்தி சொல்றேன், வர்ற கெஸ்ட எல்லாம் அங்க கூட்டிட்டுப் போயே பாதி கைடு ஆயிட்டேன்.

1863 ஜூலை 1ல இருந்து 3 வரைக்கும். ஊர் ஜனத்தொகை 2,400. அந்த மூணு நாள்ல நேரடியா குண்டு பட்டு செத்த ஊர்க்காரங்க ஒரே ஒருத்தர் தான், ஜென்னி வேட், வயசு 20. அக்காவுக்கு அப்ப தான் பிரசவம் ஆகி ஒரு வாரம், பச்சக் குழந்தைய தூக்கிட்டு எங்கயும் ஓட முடியாது, அதனால அம்மாவும் ஜென்னியும் அந்த வீட்டுல போய் இருக்காங்க, அந்த வீடோ சரியா ரெண்டு படைக்கும் நடுவுல. மூணாம் தேதி காலைல ரொட்டிக்கு மாவு பிசஞ்சுட்டு நிக்கிறா, ஒரு தோட்டா ரெண்டு கதவத் துளைச்சிட்டு வந்து முதுகுல பாஞ்சு அங்கயே முடிஞ்சுது. வெளிய போக முடியாததால, முந்தி ஒரு குண்டு மாடிச் சுவத்துல போட்ட ஓட்டை வழியா சோல்ஜர்ங்க அவள போர்வைல சுத்தி அடுத்த பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் நிலவறைல வச்சாங்க. அம்மாக்காரி அவ பிசஞ்ச மாவ அப்புறம் ரொட்டியா சுட்டு சோல்ஜர்ங்களுக்கே குடுத்துட்டா. இன்னிக்கு அந்த வீடு டிக்கெட் போட்டு காட்டுற மியூசியம், பேய் டூர் வேற நடத்துறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல.

ஆனா என்னக் கேட்டா ஜென்னிய விட எலிசபெத் தார்ன் கதைய தான் சொல்லணும். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பேரு எவர்கிரீன், அதைப் பாத்துக்கறது தார்ன் குடும்பம், புருஷன் பட்டாளத்துல, அதனால வேலை மொத்தமும் இவ தலைல. வயித்துல ஆறு மாசம். சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா ஜன்னல் கண்ணாடி இல்ல, படுக்கை துணிமணி எல்லாம் ரத்தம், முத்தத்துல செத்த குதிரை. வந்த மறுநாளே குழி வெட்ட ஆரம்பிங்கன்னு சொல்லிட்டாங்க. உதவிக்கு கூப்பிட்ட ஆளுங்க நாத்தம் தாங்காம சீக்காகி ஓடிட்டாங்க. இவளும் வயசான அப்பனும் மட்டும் அந்த ஜூலை வெயில்ல பாறை மண்ணத் தோண்டி 100 பேருக்கு மேல புதைச்சாங்க. அதுக்கு தனிக் கூலி எதுவும் குடுக்கல. நவம்பர்ல பொண்ணு பொறந்துச்சு, அது கடைசி வரைக்கும் நோஞ்சானாவே இருந்து பதினாலு வயசுல செத்துப் போச்சு. 2002ல தான் எலிசபெத்துக்கு ஒரு சிலை வச்சாங்க, வாசல் பக்கத்துலயே இருக்கு, மண்வெட்டில சாஞ்சு இன்னொரு கை வயித்து மேல வச்சு நெத்தி வேர்வையோட நிக்கிற மாதிரி. ஆயிரத்துக்கு மேல நினைவுச் சின்னம் இருக்கற ஊர்ல நான் நின்னு பாக்கறது அத தான்.

அப்புறம் லிடியா லீஸ்டர், விதவை, ரெண்டு ரூம் வீடு. வடக்கு தளபதி மீட் அத தலைமையகமா எடுத்துக்கிட்டார், அதனாலயே அந்த வீட்டு மேல குண்டு மழை. திரும்பி வந்து பாத்தா வேலிக் கட்டை ஒண்ணு இல்ல, கோதுமை மிதிபட்டுப் போச்சு, வீட்டச் சுத்தி பதினேழு குதிரை செத்துக் கிடக்கு, அதுல தண்ணியும் கெட்டுப் போய் புதுசா கிணறு வெட்ட வேண்டியதாச்சு. கடைசில அந்தக் குதிரை எலும்ப பொறுக்கி எடைக்குப் போட்டா, அது தான் அவளுக்கு தேறுன காசு.

கறுப்பினக் குடும்பங்க நிலைமை வேற மாதிரி. அவங்க சண்டைக்கு பயந்து ஓடல, பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு ஓடுனாங்க. லீயோட படை பென்சில்வேனியாவுக்குள்ள வந்தப்ப சேம்பர்ஸ்பர்க் பக்கமெல்லாம் கறுப்பினத்தவங்கள, பிறந்ததுல இருந்தே சுதந்திரமா இருந்தவங்களையும் சேத்து, பிடிச்சு கட்டி தெக்க அனுப்புனாங்க, பொம்பளைங்க குழந்தைங்க எல்லாம் உண்டு. ஏப்ரஹாம் பிரையன்னு ஒரு கறுப்பின விவசாயி, 12 ஏக்கர், அவர் நெலம் சரியா மூணாம் நாள் தெற்குப் படையோட பெரிய தாக்குதல் (பிக்கெட் தாக்குதல்னு சொல்லுவாங்க) வந்து மோதுன இடத்துல. குடும்பத்தோட தப்பிப் போய் திரும்பி வந்து 1,028 டாலர் நஷ்டம்னு எழுதிக் குடுத்தார். கிடைச்சது 15 டாலர்.


ஃபிரெடரிக்_கார்த்தி எழுதியது:

15 டாலரா!! அது எப்படிங்க கணக்கு? அப்ப மம்மாவுக்கு எவ்ளோ குடுத்தாங்க? ரூலெட்டுக்கு?

மீனா அக்கா, எலிசபெத் கதைய அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், "அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்க ஆளில்லையா"ன்னாங்க.


குமாஸ்தா_ரிட்டயர்ட் எழுதியது:

தம்பி, நான் முப்பது வருஷம் ரெவின்யூ ஆபீஸ்ல ஃபைல் தள்ளுனவன், இந்த விஷயத்த இங்க பையன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தோண்டித் தோண்டி படிச்சிருக்கேன், அதனால இது என் ஏரியா.

கணக்கு இப்படி. சண்டைல ஏற்பட்ட சேதத்துக்கு, அதாவது குண்டு விழுந்தது, தீ பிடிச்சது, பயிர் மிதிபட்டது, இதுக்கெல்லாம் வாஷிங்டன் ஒரு பைசா குடுக்காது. அது போரோட விளைவு, யாரும் பொறுப்பில்ல. வடக்குப் படை தன் உபயோகத்துக்குன்னு எடுத்தது மட்டும் தான் கணக்குல வரும், வைக்கோல், குதிரை, மாடு, அடுப்பெரிக்க பிடுங்குன வேலிக்கட்டை, ஆஸ்பத்திரிக்கு எடுத்த வீடு. 1864 ஜூலை 4 சட்டம் அத தான் சொல்லுது, அதுவும் யூனியன்ல இருந்த மாநிலத்துல, விசுவாசமா இருந்த ஆளுக்கு மட்டும். பிரையனுக்கு கிடைச்ச 15 டாலர் படைக்குதிரை தின்ன வைக்கோலுக்கு. வீடு சல்லடையானது, பழமரம் போனது, அதெல்லாம் செல்லாது. ரூலெட் மூவாயிரத்து சொச்சம் கேட்டு கைக்கு வந்தது 371 டாலர், அது ஆஸ்பத்திரிக் கணக்கு. மம்மாவுக்கு எரிஞ்ச வீட்டுக்கு பூஜ்யம். ஏன்னா எரிச்சது எதிரி. எதிரி எரிச்சதுக்கு நான் ஏன் குடுக்கணும்ங்கறது சர்க்கார் வாதம், எரிச்ச சர்க்காரோ 1865க்கு அப்புறம் உலகத்துலயே இல்ல. ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து பண்ணை, யாரு கை பட்டு போச்சுங்கறத வச்சு ஒருத்தனுக்கு கொஞ்சம் காசு, ஒருத்தனுக்கு நாமம்.

பென்சில்வேனியா ஸ்டேட் தன் பங்குக்கு 1868ல எல்லைக் கவுண்டி ஜனங்ககிட்ட மனு வாங்குச்சு, எரிஞ்சு போன சேம்பர்ஸ்பர்க் ஊருக்கு கொஞ்சம் குடுத்தாங்க, மத்தவங்க மனு பெரும்பாலும் எழுதி வாங்குனதோட சரி.

தெக்கத்தி மாநிலங்கள்ல இருந்தவங்களுக்கு 1871ல தான் சதர்ன் க்ளெய்ம்ஸ் கமிஷன்னு (தெக்கத்திக்காரங்க நஷ்டஈட்டு மனுவ விசாரிக்க) ஒண்ணு போட்டாங்க. மூணு கமிஷனர். 22,000க்கு மேல மனு, மொத்தம் கேட்டது 6 கோடி டாலர், குடுத்தது அரை கோடி கூட இல்ல. மனு குடுக்கறவன் போர் முழுக்க வடக்குக்கு தான் விசுவாசமா இருந்தேன்னு நிரூபிக்கணும், சாட்சியோட. கேள்வித்தாள்ல எண்பது கேள்வி. உன் பையன் கான்ஃபெடரேட் படைல இருந்தானா, இருந்தான்னா துணிமணி காசு அனுப்புனியா, ஓட்டு யாருக்குப் போட்ட, இப்படிப் போகும். தெக்க சுத்தியும் பிரிவினைக்காரங்களா இருக்க ஊர்ல, அண்ணன் அங்க தம்பி இங்கன்னு இருந்த குடும்பத்துக்கு இதுல என்ன பதில் சொல்ல முடியும்? பிள்ளைய கட்டாயமா இழுத்துட்டுப் போனான்யான்னு கெஞ்சியிருக்காங்க. விடுதலையான அடிமைங்களும் மனு போட்டிருக்காங்க, அவங்ககிட்ட கேட்டது இன்னும் ஒரு படி மேல, அடிமையா இருந்தவனுக்கு ஏது சொந்தக் குதிரை, எஜமானோடதில்லையான்னு. அவன் ராத்திரி நேரம் தனியா வேலை பாத்து சேத்த காசுல வாங்குனதுன்னு பழைய எஜமானையே சாட்சிக்கு கூட்டிட்டு வரணும்.


நாஷ்வில்_ரவி எழுதியது:

அருமையான திரி. டென்னசில ஃபிராங்க்ளின் போர்க்களம் எங்க வீட்டுல இருந்து இருபது நிமிஷம், அத யாரும் சொல்லலங்கறதால நான் சொல்றேன்.

1864 நவம்பர் 30. கார்ட்டர்னு ஒரு குடும்பம், பெரியவர் பேரு ஃபவுன்டன் பிராஞ்ச் கார்ட்டர். வடக்குப் படை வீட்ட எடுத்துக்கிட்டு தோட்டத்துலயே பதுங்குகுழி வெட்டிட்டான், சாயங்காலம் நாலு மணிக்கு சண்டை. பெரியவர், மகளுங்க, பேரப்பிள்ளைங்க, வீட்டு அடிமைங்க, எதுத்த வீட்டு லாட்ஸ் குடும்பம் எல்லாம் சேத்து இருபது பேருக்கு மேல கீழ நிலவறைல. லாட்ஸ் தச்சர், தன் மர வீடு தாங்காதுன்னு செங்கல் வீட்டுக்கு ஓடிவந்தவர். தலைக்கு மேல அஞ்சு மணி நேரம் அடிதடி, கைகலப்பு, துப்பாக்கிக் கட்டையால மண்டையப் பொளக்கறது வரைக்கும்.

கார்ட்டரோட மகன் டாட் கான்ஃபெடரேட் படைல கேப்டன். மூணு வருஷத்துக்கு மேல வீட்டுக்கே வராதவன், அன்னிக்கு தன் வீட்டப் பாத்தே குதிரைல பாஞ்சு வர்றான். வீட்டுக்கு இருநூறு கெஜத்துக்குள்ள விழுந்துட்டான். ராத்திரி சண்டை ஓஞ்சதும் சேதி வந்து அப்பாவும் அக்கா தங்கச்சிங்களும் லாந்தர் எடுத்துட்டுப் போய் பிணங்களுக்கு நடுவுல தேடி உயிரோட தூக்கிட்டு வந்தாங்க. டிசம்பர் 2ல வீட்டுலயே செத்தான். வயசு 24. தோட்டத்துல இருக்க ஆபீஸ் கட்டடத்த இன்னும் அப்படியே வச்சிருக்காங்க, மரச்சுவர் முழுக்க தோட்டா ஓட்டை, உள்ள நின்னா ஒவ்வொரு ஓட்டை வழியாவும் வெளிச்சம் வரும். புகைக்கறி போடற கொட்டாயும் அப்படித் தான்.

குமாஸ்தா சார், கார்ட்டர் மாதிரி ஆளுக்கு உங்க கமிஷன்ல ஒண்ணும் தேறியிருக்காது, பையன் கேப்டன், போதாததுக்கு அடிமை வச்சிருந்த வீடு. எனக்கு அதுல பெருசா வருத்தம் இல்ல, ஆனா அந்த நிலவறைல இருந்த அடிமைக் குடும்பங்க பேரெல்லாம் டூர்ல ரொம்ப வருஷமா சொல்லவே இல்ல, இப்ப தான் கொஞ்சம் சொல்றாங்க.

மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கும் இதே மாதிரி தான். 1863ல 47 நாள் முற்றுகை, ஜனமெல்லாம் மண்மேட்டக் குடைஞ்சு குகைல குடித்தனம், ஐநூறு குகை வரைக்கும் இருந்துதாம். கட்டில், நாற்காலி, ஜமக்காளம் வரைக்கும் உள்ள கொண்டு போய் வச்சு வாழ்ந்தாங்க, கடைசில கோவேறு கழுதைக் கறி தான் சாப்பாடு, பேப்பர் தீந்து போய் செய்தித்தாள வால்பேப்பர் பின்னாடி அடிச்சாங்க. இதெல்லாம் ரொம்ப ரசிச்சு சொல்லுவாங்க. அந்தக் குகைய வெட்டுனது அடிமைங்கன்னு ஒரு வரில தாண்டிருவாங்க.


சுள்ளான்_92 எழுதியது:

மனாசஸ்ல சண்டை வந்துதுன்னு வீட்ட மாத்திட்டுப் போய், புது வீட்டுலயே போர் முடிஞ்ச ஒப்பந்தம் நடந்துச்சே, ஒரு ஆளு, அவர் பேரு என்ன


பழைய_ஏடு எழுதியது:

வில்மர் மெக்லீன். 1865 ஏப்ரல் 9, அப்போமாட்டாக்ஸ்ல அவர் வீட்டுக் கூடத்துல தான் லீ சரணடைஞ்சார். எல்லாரும் அந்தக் கதைய தான் சொல்லுவாங்க, அவர் சர்க்கரை வியாபாரத்துல காசு பாத்த ஆளு, மம்மா ரூலெட்டோட சேக்க வேணாம். கையெழுத்து ஆனதும் அதிகாரிங்க அவர் மேசை நாற்காலிய எல்லாம் ஞாபகத்துக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாங்க, சில பேர் காசு குடுத்தாங்க, சில பேர் குடுக்கல.


ஃபிரெடரிக்_கார்த்தி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குமாஸ்தா சார், அந்த மனுவெல்லாம் எங்க பாக்கலாம்? அப்பாவுக்கு படிச்சுக் காட்டணும், ஒரு ஏக்கருக்கு எவ்ளோ கோதுமை எடுத்தாங்கன்னு அதுல இருக்குமான்னு கேக்கறார்.


குமாஸ்தா_ரிட்டயர்ட் எழுதியது:

இருக்கும், அது தான் அதுல சுவாரஸ்யமே. எத்தன புஷல் (தானியம் அளக்கற அளவு) கோதுமை, எத்தன டன் வைக்கோல், எத்தன பன்னி, வேலிக்கட்டை எத்தனன்னு அயிட்டம் அயிட்டமா விலையோட எழுதி, பக்கத்துல அதிகாரி எவ்ளோ வெட்டுனான்னும் இருக்கும். சதர்ன் க்ளெய்ம்ஸ் ஃபைல் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, நிறைய ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயே போட்டிருக்காங்க, மாநிலம் கவுண்டி பேர் போட்டு தேடுங்க. மேரிலாந்து அதுல வராது, அது குவார்ட்டர்மாஸ்டர் (படைக்கு சாமான் சப்ளை பாக்கற துறை) மனு, தனி வரிசை, தேடறது கொஞ்சம் கஷ்டம். அப்பாவுக்குன்னா வர்ஜீனியால இருந்து ஆரம்பிங்க, ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு கவுண்டிங்கள்ல விவசாயிங்க மனு தான் நிறைய. கையெழுத்து ஆரம்பத்துல புரியாது, நாலஞ்சு ஃபைல் பாத்தா பழகிரும்.